எல்லாருக்கும் பிடித்தவள்

கதவுக் கைபிடியில் கை வைக்கும்வரை அவளுக்கு முகம் இருக்காது.

மூலையில் வாளியோடு நின்று நான் அதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள் அல்ல, இரண்டு குளிர்காலம். பயிற்சி முடிந்து வந்து மர வாங்கில் குனிந்து இருப்பாள். சறுக்குச் சப்பாத்தைக் கழற்றினால் குதிக்காலின் காயத்தில் காலுறை ஒட்டிப்போய் இருக்கும். தண்ணீர் தொட்டுத் தொட்டு, தோலோடு பேரம் பேசி, அதைப் பிரித்தெடுப்பாள். அந்த நேரம் அவள் யாராகவும் இருக்கலாம். மீன் கழுவி முடித்த பெண். ஆஸ்பத்திரி வாசலில் பெயர் கூப்பிடக் காத்திருக்கிற பெண். பிறகு எழும்புவாள். கை கைபிடிக்குப் போகும். ஒரு மூச்சு. கதவு திறக்கிறபோது பத்திரிகையில் வருகிறவள் அங்கே நிற்பாள், கன்னத்தில் குழி விழ, ஊர் முழுவதுக்கும் தான்தான் விடிந்ததுபோல.

எண்பதுகளின் நடுப்பகுதி. சூரிச்சுக்கு வெளியே ஒரு பனிச்சறுக்கு மண்டபம். நானும் என் கணவரும் சுவிஸுக்கு வந்து ஒரு வருசம். ஷ்லீரனில் ஒரு தொழிற்சாலையின் பின்புறம் இருந்த அகதி விடுதியில் எங்களுக்கு ஒரு அறை. அதை ஹைம் என்றுதான் சொல்வோம். இவருக்கு உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிற வேலை. எனக்கு மண்டபத்தின் கழிவறைகளும் உடைமாற்றும் அறைகளும்.

அவளின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினாலும் இன்றைக்கு யாருக்கும் தெரியாது. அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை என்னிடம் இல்லை.

அவள் பேசியது ஜேர்மன், அதுவும் சுவிஸ்காரரின் அடித்தொண்டை ஜேர்மன். எனக்கு அரைவாசி விளங்கும், மிச்சத்தை முகத்தில் வாசிப்பேன். இத்தனை வருசத்துக்குப் பிறகு என் நினைவில் அவள் யாழ்ப்பாணத் தமிழில்தான் கதைக்கிறாள். அப்படியே விடுகிறேன். திருத்தப்போனால் அவள் போய்விடுவாள்.

அவளை எல்லாருக்கும் பிடிக்கவேண்டும். அவ்வளவுதான் அவள். பனியில் அவள் எழும்பிய உயரமும், சுற்றிய சுற்றும், கையை விரித்து நின்ற கடைசி நொடியும் அந்த ஒரு பசியின் வேறு வேறு கைகள். ஆயிரம் பேர் கை தட்டுகிற மண்டபத்தில் தட்டாத ஒருவன் எந்த வரிசையில் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் ஆடியது அவனுக்காகத்தான்.

பனியைச் சமப்படுத்துகிற பெரிய மெஷினை ஓட்டுகிற கிழவர் ஒருவர் இருந்தார். யாருக்கும் வணக்கம் சொல்லாதவர், சொன்னவரையும் சந்தேகமாய்ப் பார்ப்பவர். சறுக்க வருகிற பெட்டைகள் எல்லாம் அவருக்கு 'பனியைக் கிழிக்க வாற ஆக்கள்'. அவள் விட்டாளா? அவரின் நாய்க்கு எலும்பு கொண்டுவந்தாள். அவரின் முழங்காலை விசாரித்தாள். மெஷின் தளத்தைச் சுற்றி வருகிற நேரம் முழுக்க வேலியில் நாடியை வைத்து, ஏதோ அவர்தான் நடனம் ஆடுகிறார் என்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். தை மாதம் வரை இழுத்தது. ஒரு நாள் கிழவர் இறங்கி, தொப்பியைக் கழற்றி, அவளைப் பார்த்துச் சிரித்தார். முன்பல் இரண்டு இல்லாத சிரிப்பு.

அடுத்த நாளிலிருந்து அவள் வேலிக்குப் போகவில்லை.

"உம்மிட்டயும் வருவா," என்றார் கிழவர், நாயின் காதைச் சொறிந்துகொண்டு. "வந்திட்டுப் போயிடுவா."

வந்தாள்.

மண்டபத்தில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. முதலெழுத்தோடு நிறுத்திவிடுவார்கள், இல்லாவிட்டால் 'ஹலோ'. அவள் அதைக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னாள். சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தாள்.

"சரியோ?"

"இல்லை."

"இப்ப?"

"இல்லை. இப்ப நீர் தும்மினீர்."

வாங்கில் சாய்ந்து விழுந்து சிரித்தாள். நாலாம் நாள் சரியாக வந்தது. இந்த நாட்டில் என் பெயர் முறியாமல், முழுதாக, ஒரு வெள்ளைக்காரியின் வாயிலிருந்து வந்த முதல் நாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

அதற்குப் பிறகும் அவள் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். கிழவர் சொன்னது பிழையாகிவிட்டது என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை.

காலை வேளைகளில், ஆள் வருமுன், அவள் விழப் பழகுவாள். குதிக்கப் பழகுவதைப் பார்த்திருப்பீர்கள். இவள் விழுவதற்கு ஒத்திகை பார்த்தாள். வேண்டுமென்றே இடுப்பு அடிபட விழுந்து, பனி தெறிக்க, முகத்தை மட்டும் மேலே வைத்திருந்து, சிரித்தபடி எழும்புவாள். திரும்பவும் விழுவாள். தொடை முழுக்க நாவற்பழ நிறம். அதற்கு மேலே தோல் நிறத்தில் ஒரு காலுறை.

"நோகேல்லையோ?" என்று கேட்டேன்.

"விழுறது பரவாயில்லை. முகம் விழக்கூடாது," என்றாள். "பாக்க வாறவை என்ர காலை ஒரு நிமிசம்தான் பாப்பினம். மிச்சமெல்லாம் முகம்."

உண்மைதான். அவளைப் பற்றி வந்ததையெல்லாம் அவள் வெட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். நான் அகராதியோடு நின்று வாசிப்பேன். அவள் எத்தனை சுற்றுச் சுற்றினாள் என்று ஒன்றிலும் இல்லை. சட்டையில் மினுங்கியது என்ன, கண் எந்த ஏரியின் நிறம், காலையில் என்ன சாப்பிடுகிறாள், இதயத்தை இன்னும் யாரும் வெல்லவில்லையாமே, இவைதான் இருந்தன. ஆண்கள் சறுக்கினால் பாய்ந்தான், வென்றான், தோற்றான் என்று எழுதினார்கள். இவள் மலர்ந்தாள், மிதந்தாள், மயக்கினாள். இரண்டு வருசம் முன்பு கணுக்கால் உடைந்தபோதுகூட 'கண்ணீரிலும் அழகி'.

ஊருக்குப் பிடித்த பெண்ணாக இருப்பது ஒரு வேலை. எங்கள் வேலைக்காவது வாரத்தில் ஒரு நாள் லீவு.

இதயத்தை வென்றவர் ஒருவர் இருந்தார். பாண் போடுகிற பேக்கரிக்காரர். வெள்ளிக்கிழமைகளில் அவரின் வான் வண்டி மண்டபத்தின் பின்பக்கம், குப்பைத் தொட்டிகளுக்கு அப்பால் நிற்கும். முன்வாசலுக்கு வர அவருக்கு அனுமதி இல்லை. சோடி சேர்ந்துவிட்டவளை ரசிகருக்குப் பிடிக்காது என்று அவளின் பயிற்சியாளர் சொல்லியிருந்தாராம்.

"அவருக்குக் கோவம் வராதோ?"

"வரும்," என்றாள், தலையை வாரிக்கொண்டு. "ஆனா அவருக்கு ஏற்கெனவே என்னைப் பிடிக்கும்தானே."

அன்றைக்கு நான் சிரித்தேன். எவ்வளவு விசரி நான்.

அந்த இரண்டாம் குளிர்காலத்தில் ஒரு வாரப் பத்திரிகை போட்டி வைத்தது. நாடு நாடாகப் போகிற பனி நடனக் குழு ஒன்று சுவிஸிலிருந்து ஒரு நாயகியை எடுக்கப்போகிறது, யாரென்று வாசகர்கள் தபாலட்டை எழுதித் தெரிவுசெய்யவேண்டும். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒன்று இவள். மற்றது ஜெனீவாப் பக்கத்துப் பெட்டை ஒருத்தி, பதினேழு வயது, விழுந்தால் விழுந்தபடி அழுகிறவள். அந்த அழுகை எல்லாருக்கும் பிடித்துப்போனது. இவளுக்கு அது விளங்கவே இல்லை. "அவள் அழுறாள், அவைக்குப் பிடிக்குது!" என்று அலுமாரிக்குச் சொல்வாள்.

இவளுக்கு இருபத்தெட்டு. பத்திரிகைக்கு இருபத்துநாலு. வென்றால் பாரிஸ், வியன்னா, ஆறு வருச ஒப்பந்தம். தோற்றால் அடுத்த மார்கழியில் இதே தளத்தில், கம்பளித் தொப்பி போட்ட பிள்ளைகளுக்கு விழாமல் நிற்கப் பழக்கவேண்டும். வேறு வழி இல்லை. அவளுக்கு வேறு தொழில் தெரியாது.

ஒரு நாள் கேட்டாள்: "உங்கட ஹைமில எத்தினை பேர் இருக்கினம்?"

"பெரியாக்கள் நாப்பது பேர் மட்டில."

"அவ்வளவு பேரோ," என்றாள். நான் கண்ணாடி துடைத்துவிட்டுத் திரும்பியபோது என் வாளியின் விளிம்பில், நனையாமல் பிளாஸ்டிக் பையில் சுற்றி, பத்திரிகை அச்சிட்ட போட்டித் தபாலட்டை ஒரு கட்டு, நிரப்பாமல், இருந்தது. அவள் தலைகீழாகக் குனிந்து கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை. தரவும் இல்லை. வாளியில் இருந்தது, அவ்வளவுதான்.

ஹைமில் எந்தக் கடதாசி வந்தாலும் அது முதலில் மாஸ்ரரிடம் போகும். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், ஐம்பது கடந்தவர். குளிரோ வெயிலோ கழுத்தில் முடிச்சு இறுக்கிய ரை. எங்கள் எல்லாருடைய அகதி மனுவையும் நிரப்பியவர் அவர்தான். இரண்டு பேரின் மனு தான் நிரப்பாததால்தான் தள்ளுபடியாகி விழுந்தது என்பது அவரின் நிரந்தரப் பேச்சு.

சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொல்லி, தபாலட்டைகளைப் பரப்பினார்.

"பிள்ளை, உந்தப் பொம்பிளை ஆர்?"

"என்ர சிநேகிதி, மாஸ்ரர். பனியில ஆடுறவ. என்ர பெயரைச் சரியாச் சொல்லுவா."

"அப்ப நல்ல பிறவி," என்றார். "சரி. எல்லாரும் வாங்கோ. ஒரு கட்டமும் வெறுமையா விடக்கூடாது."

முழுப்பெயர், தகப்பன் பெயர், பிறந்த திகதி. அட்டை கேட்டது பெயரும் ஊரும் மட்டும். மாஸ்ரர் விடவில்லை. சுவிஸுக்குள் வந்த திகதி, வந்த எல்லை, கேஸ் நம்பர், ஹைம் விலாசம், எல்லாம் ஓரத்தில் பொடி எழுத்தில் ஏறின. கடைசியில் ஒரு கோடு: 'இவரை ஏன் தெரிவுசெய்கிறீர்கள்?'

"வடிவாய் இருக்கிறா எண்டு எழுதுவம்," என்றார் என் கணவர்.

"உமக்கு வடிவு, அடுத்தவருக்குக் கெட்டித்தனம், மூண்டாமவருக்கு வேறொண்டு. முரண்பாடு! முரண்பாட்டிலதான் கேஸ் விழுறது. எல்லாரும் ஒரே சொல்லு, ஒரே வசனம்."

வழக்கறிஞர் தனக்கு எழுதித் தந்த மேல்முறையீட்டுக் கடிதத்தை எடுத்து, அதன் கடைசி வரியில் ஆளை மட்டும் மாற்றினார். நாற்பத்தொரு அட்டையிலும் ஒரே ஜேர்மன் வசனம். இவர் நேர்மையானவர், எந்த அரசுக்கும் எதிராக எக்குற்றமும் புரியாதவர், ஆகவே இவரை முதலாம் இடத்தில் தொடர்ந்து தங்க அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

"படம் இருந்தால் ஒட்டுங்கோ," என்றார். ஒருவரிடமும் மிச்சப் படம் இல்லை. அவர் தன்னுடையதை ஒட்டினார், ரை கட்டிய படம்.

நான் ஒவ்வொன்றாய் வெவ்வேறு இடத்தில் போடலாம் என்றேன். பதறிப்போனார். "சாதாரணத் தபாலோ? போய்ச் சேந்ததுக்கு என்ன சாட்சி?" ஒரே பெரிய உறை. பதிவுத் தபால். பின்பக்கம் ஹைமின் முத்திரை. நான்தான் தபாற்கந்தோருக்குக் கொண்டுபோனேன். வழியெல்லாம் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன். எங்களால் இந்த நாட்டில் ஒருவருக்கு ஏதோ கொடுக்க முடிகிறது என்ற நினைப்பு. அந்த நினைப்பின் வெப்பத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இரண்டு கிழமையில் பத்திரிகை வந்தது. மாஸ்ரர் அதை விரித்துப் பிடித்தபடி மாடிப்படியில் ஓடி வந்தார். "பிள்ளை, என்ர படம்! முழுப் பக்கம்!"

ஹைமில் தேநீர் ஊற்றினார்கள். யாரோ அவரின் ரையை நேராக்கிவிட்டார்கள். நான் அகராதியை எடுத்தேன். தலைப்பு: 'எங்கள் இளவரசிக்குத் தங்க அனுமதி கேட்கும் தமிழர்கள்'. கீழே அவரின் அட்டை, கேஸ் நம்பரோடு. அந்த வசனம் பெரிய எழுத்தில். பத்திரிகை கோபப்படவில்லை. சிரித்தது. வலிக்காத மாதிரி, படித்தவர்கள் சிரிக்கிற மாதிரி.

கோபப்பட்டவர்கள் வாசகர்கள். அந்த நாட்களில் பத்திரிகையில் தமிழன் என்றால் ஸ்டேஷனில் தோல்ஜக்கெட்டோடு நிற்கிறவன், போதைத்தூள் விற்கிறவன், சும்மா இருந்து சாப்பிடுகிறவன். அடுத்த கிழமைக் கடிதங்களில் வாக்கு எங்கோ போய்விட்டது. இவளுக்கு அவங்களோடு என்ன உறவு? எத்தனை பேரோடு?

ஞாயிறு பிற்பகல் மண்டபத்தில் அவளின் காட்சி ஆட்டம். போட்டி முடிய நாலு நாள் இருந்தது. பாதி ஆட்டத்தில் மேல் வரிசையிலிருந்து ஒரு சத்தம்: "தமிழரின் பொம்பிளை!" சிரிப்பு. பிறகு விசில். அவள் விழவில்லை. அந்த ஆட்டத்தில் ஒரு பிழைகூட இல்லை, நான் வாசலில் நின்று பார்த்தேன், என் வாழ்க்கையில் அதைவிட அழகான ஒன்றைப் பார்த்ததில்லை. கடைசிச் சுற்று முடித்து அவள் கையை விரித்து நின்றபோது அங்குமிங்கும் சில கைகள் தட்டின, மழை வரப் பார்த்து வராமல் போவதுபோல.

நடைவழியில் பத்திரிகைக்காரன் ஒருவன் மறித்தான். மண்டபப் பொறுப்பாளரும் நின்றார். நான் மூன்றடி தள்ளி, ஆட்கள் உதறிய பனித்தண்ணீரைத் துடைத்துக்கொண்டு.

"இந்த அகதிகளை உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லை," என்றாள். சிரித்தாள். குழி விழுந்தது. "அன்பு எங்கேயிருந்து வருமெண்டு நாங்கள் தெரிவுசெய்யேலாதுதானே."

அவன் என்னைக் கண்டான். "இவர்?"

"சுத்தம் செய்யிறவ. பெயர்கூட எனக்குத் தெரியாது."

பொறுப்பாளர் என் பக்கம் திரும்பினார். அட்டைகளை யார் தந்தது என்று கேட்டார், ஆறுதலாக, விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லாக. அவள் சப்பாத்துக் கயிற்றைப் பார்த்தாள். அவிழாத கயிறு.

"பேப்பர் விக்கிற கியோஸ்கில எடுத்தம்," என்றேன். "நாங்களாத்தான்."

பொய் சொல்ல ஜேர்மன் போதுமாயிருந்தது.

அன்றைக்கு மாஸ்ரரிடம் விசயத்தை விளக்கவேண்டியிருந்தது. சிரிக்கிறார்கள் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பெட்டிக்குள்ளிருந்து ஒரு கொப்பியை எடுத்தார். நாற்பத்தொரு அட்டையையும் அதில் பிரதி பண்ணி வைத்திருந்தார். விரலை வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"எங்க முரண்பாடு, பிள்ளை? ஒரு கட்டமும் வெறுமையா இல்லையே. என்ன பிழை விட்டம்?"

"நீங்கள் ஒண்டும் பிழை விடேல்லை, மாஸ்ரர்."

"அப்ப ஏன் சிரிக்கினம்?"

அவர் அதற்குப் பிறகு யாருக்கும் படிவம் நிரப்பவில்லை. கொண்டுபோனால், கை நடுங்குது தம்பி என்பார். கை நடுங்கியதை நான் பார்க்கவில்லை.

ஜெனீவாப் பெட்டை வென்றாள். முடிவு வந்த மூன்றாம் நாள் அவளை எங்கள் மண்டபத்துக்குக் கூட்டிவந்தார்கள். பத்திரிகைக்கு ஒரு படம் தேவை, தோற்றவள் வென்றவளைக் கட்டிப்பிடிக்கிற படம். இவள் உடனே சம்மதித்தாளாம். அப்படிச் சம்மதிக்கிறவளைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்.

நான் அந்த ஞாயிறிலிருந்து அவளைக் கண்டால் நிலத்தைப் பார்ப்பேன். அவள் வரும் நேரம் மற்ற அறையைத் துடைப்பேன். அன்றைக்கு அவள் தேடி வந்தாள். பின்னால் கதவைச் சாத்தினாள்.

"நீர் என்னோட கதைக்கிறேல்லை."

"வேலை கூடிப்போச்சு."

"இல்லை. உமக்கு என்னைப் பிடிக்காமப் போச்சு."

பஸ்ஸில், ட்ராமில், சமைக்கும்போது, ஒன்பது நாளாக நான் ஒரு பேச்சு ஒத்திகை பார்த்திருந்தேன். வினைச்சொற்கள் எல்லாம் சரியான இடத்தில். அதில் கொப்பியில் விரல் வைத்துத் தேடுகிற மனிதர் இருந்தார். நடைவழியின் அந்த மூன்றடி இருந்தது. அவளின் முகத்தை இரண்டு கூறாய்க் கிழிக்கக்கூடிய பேச்சு. வாயைத் திறந்தேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள், கடைசி வரிசையில் கை தட்டாத அந்த ஒருவனைப் பார்க்கிற பார்வை. நாடு முழுக்கக் கைவிட்டுப்போன பிறகும் என் ஒருத்தியின் பிடிப்பு அவளுக்குத் தேவைப்பட்டது.

"பிடிக்கும்," என்றேன்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் சொல்லவில்லை. பயத்தில் சொல்லியிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அது உண்மை.

அவளின் தோள் இறங்கியது. என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்தினாள். பாரம் இறக்கிய ஆளின் கை, சூடாக இருந்தது.

"எனக்குத் தெரியும்," என்றாள். பிறகு, குரலைத் தாழ்த்தி: "ஒரு உதவி. வெளியில படம் எடுக்கினம். முடியுமட்டும் உள்ளுக்கு நிக்க ஏலுமோ? நீர் பின்னால தெரிஞ்சால் திரும்பவும் ஏதும் எழுதுவினம்."

"ஓம்."

போனாள். கதவுக்கு அப்பால் கமரா சத்தமிட்டது. இன்னும் கிட்ட, என்றது ஒரு குரல். இன்னொன்று. இன்னொன்று. அந்தப் பெட்டை ஏதோ சொல்ல எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். அவளின் சிரிப்பு அதில் தனியாகத் தெரிந்தது.

அறையை நான் ஏற்கெனவே துடைத்து முடித்திருந்தேன். நிலம் காய்ந்தும்விட்டது. குழாயைத் திறந்து வாளிக்குப் புதுத் தண்ணீர் பிடித்தேன், சத்தம் வெளியே கேட்காதபடி மெல்ல. பிறகு முதல் மூலையிலிருந்து திரும்பவும் துடைக்கத் தொடங்கினேன்.